மையிய ஆரும் கேக்கறதில்லீங்க

...கருப்புங்கறது என்னங்க, தொட்டா ஒட்டிக்குமாங்க? நீங்களே சொல்லுங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இந்தக் காப்பகத்துல கூட்டறது, சோறு வெக்கறது, வர்றவங்களுக்குப் பூனையக் காட்டறது எல்லாம் நானுங்க. பேரு சாந்தாமணி. மஞ்சப் பூனை வந்தா மக்யா நாளே போயிருது. வெள்ளையில ஒண்ணு, ஒரு கண்ணு தெரியாதுங்க, அதையே ரெண்டு ஊட்டுக்காரங்க போட்டி போட்டுக் கேட்டாங்க. இவ மட்டும் ஏழு மாசமா இந்தக் கூண்டுலயே. மையின்னு பேரு வெச்சது நானுங்க. கூப்பிட்டாத் திரும்புவா... மையி... இன்னிக்குத் திரும்ப மாட்டேங்கறா.

வரதராஜுலுன்னு ஒரு வாத்தியாருங்க. படிச்சவரு. "நல்லாத்தான் இருக்குது அம்மணி, காலையில கெளம்பறப்பக் குறுக்க வந்துச்சுன்னா"ங்கறாரு. ஊட்டுக்குள்ள இருக்கற பூனை குறுக்க வராம தலைக்கு மேலயா போகும்? நான் அஞ்சாவதோட நின்னவ, எனக்கே தெரியுது.

இன்னிக்கு அஞ்சு மணிக்கு வேன் வருதுங்க. இங்க எடமில்லையாம். ஆரும் கேக்காததையெல்லாம் பெருந்துறைப் பக்கம் ஒரு குடோனுக்கு ஏத்தறாங்க. லாரி ஓயாம திரும்பற எடம். போன வருசம் நாலு போச்சு. ஒண்ணுகூட இப்ப உசுரோட இல்லீங்களாம். காலையில இருந்து எனக்குச் சோறு எறங்கல.

நீங்க வந்து, கோட்டைமேடு, பேரு உஸ்மா, அரிசிக்கடையில எலித் தொல்லை, இந்தக் கருப்பே இருக்கட்டும்னீங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. கூடைகூடக் கொண்டாந்திருக்கறீங்க.

ஆனா இப்பத் தூக்க வேண்டாங்க. செவ்வாக்கெழமை, மூணுல இருந்து நாலரை ராகு காலம். இன்னும் ஒரு மணி நேரந்தான்... உங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க, தெரியும். நான் பூனைக்குச் சொல்றேன். மொதமொதல்ல ஒரு ஊட்டுக்குள்ள கால் வெக்குது, நல்ல நேரத்துல போகட்டும். போன வாரம் கருமத்தம்பட்டியில இருந்து ஒரு தறிக்காரரு, மாரப்பன்னு, இவளையேதான் கேட்டாரு. அஷ்டமி கழிச்சு வாங்கன்னேன். சரீங்கன்னு போனவரு வரவேயில்ல. அதுக்கு முன்னால ஒரு நர்சம்மா. அன்னிக்கு மரணயோகம், நாந்தான் திருப்பி அனுப்புனேன். அவங்களும் வரல. ஊட்டுக்குப் போனதும் ஆராச்சும் கருப்புன்னு சொல்லிக் கலைச்சிருப்பாங்க. சனம் அப்படி.

பஸ்ஸுங்களா? நாலு மணிக்கு ஒண்ணு, அதை உட்டா அஞ்சே முக்காலுக்குத்தானுங்க. இருந்து போங்க. உள்ள போயி காப்பி வெக்கறேன். கூண்டுச் சாவி என்ற இடுப்புலதான் இருக்குது, நாலரை ஆனதும் தொறந்து தந்துர்றேன்... பால் நேத்து வாங்குனதில்லீங்க, இன்னிக்குக் கறந்தது... ஏனுங்க, சக்கரை தூக்கலாப் போடட்டுங்களா?

ஏனுங்க?

...ஸ்டூல் காலியாக் கெடக்குது. கூடையையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பாத்தியா மையி. இந்தம்மாளுக்குங்கூடக் கருப்புன்னா ஆகல.