இன்னொரு பாட்டு

அன்றைக்குக் கேசரி நன்றாக அமைந்திருந்தது, சார். பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நெய்யைத் தாராளமாகவே விட்டிருந்தேன்.

என் தம்பி ரங்காவுக்கு நாற்பத்தோரு வயது. எடை நூற்று எழுபத்தெட்டு கிலோ. டாக்டர்கள் வைத்திருக்கும் தராசு தாங்காது என்று அல்சூர் மார்க்கெட்டில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். "எரடு மூட்டே" என்று கன்னடத்தில் அவனை ரெண்டு மூட்டையாக எண்ணிக் கூலிக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். வீட்டுக்கு வந்து ஒரு பிரெட் பாக்கெட்டை முழுசாகத் தின்றுவிட்டு அழுதான். பன்னிரண்டு வருஷமாக அவனைக் குளிப்பாட்டுவது நான்தான். நான் நாற்பத்தைந்து கிலோ. இரக்கம் தேடவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

தொண்ணூற்றேழு தை மாதம் அனந்தபத்மநாபன் என்ற மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரங்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். "இது நாக்கு ருசி இல்லைம்மா. பயம் வந்தா சாப்பிடறார். இதை மனநோயாத்தான் பார்க்கணும். ரெண்டு மாசம் வார்டுல இருக்கட்டும். அதுவரைக்கும் தனியா அடைச்சு மட்டும் வைக்காதீங்கோ" என்றார்.

ரங்கா என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அப்போ இது என் தப்பு இல்லையா?" அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் பயம் பிடித்தது.

குண்டன் என்றால் ஊர் சிரிக்கும். பைத்தியம் என்றால் ஊர் விலகும். சிரிப்பு எங்களுக்குப் பழகிவிட்டது. என் மகள் ஸ்ரீலக்ஷ்மிக்கு இருபத்தெட்டு வயது, ஏழு வரன் தட்டிப்போயிருந்தது. மாமன் மனநோய் வார்டில் இருக்கிறான் என்றால் எட்டாவது வருமா? டாக்டர் கொடுத்த கடிதத்தை அடுப்பில் போட்டேன். வார்டில் படுக்கை காலியில்லையாம் என்று ரங்காவிடம் சொன்னேன். வாரா வாரம் கேட்பான், "காலியாச்சாக்கா?" என்று. இன்னும் இல்லை என்பேன். நம்புவான்.

எட்டாவது வரன் வந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பின்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். போடுவதற்கு முன்னால், "தனியா வேண்டாம்க்கா, நேக்கு பயமா இருக்கு" என்றான். ஒரு பேசின் நிறையக் கேசரியைக் கையில் கொடுத்தேன். வாய் நிறைந்திருந்தால் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆத்துல யாருக்காவது மூளைக்கோளாறு, அந்த மாதிரி..." என்று இழுத்தாள்.

"பெருமாள் புண்ணியத்துல யாருக்கும் இல்லை" என்றேன்.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

"பக்கத்தாத்துல தச்சு வேலை" என்று நானாகவே சொன்னேன். ஸ்ரீலக்ஷ்மி என்னைப் பார்த்தாள். "பாடும்மா" என்றேன். பாடினாள். தட்டுவது வேகமாயிற்று. நல்ல சாரீரம் என்று அவர்கள் மெச்சினார்கள். "இன்னொரு பாட்டு பாடு" என்றேன். அதில் அவள் குரல் நடுங்கியது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் சரணத்துக்கு வருவதற்குள் தட்டுவது நின்றுவிட்டது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்றாவதும் பாடச் சொன்னேன்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். டபரா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பின்னறைக்குப் போனேன். கதவை ஒட்டியே சரிந்து கிடந்தான். தள்ளித் திறக்க நேரமாயிற்று. பேசினில் பாதிக் கேசரி அப்படியே இருந்தது. தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று உங்கள் டாக்டர் சொல்கிறார், இருக்கலாம். நான் எழுந்துபோய்த் திறந்திருந்தால் பிழைத்திருப்பான்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதையும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அந்த மனநல டாக்டர் சொன்னதை மட்டும் இதில் எழுத வேண்டாம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனநோய் கிடையாது, சார்.