பட்டறைக் குப்பை

“ஆத்தா சாகுறப்ப நான் நீயா இருந்தேன்க்கா.”

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் தன் அக்காவிடம் இப்படிச் சொன்னாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி. நகை ஆசாரி வீட்டுப் பெண்கள், தாயின் காரியம் முடித்துத் திரும்புகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“என்னடி ஒளர்றே?”

“அதுக்குத்தான் கண்ணு தெரியலையே. என் கையப் புடிச்சிக்கிட்டு உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. ‘அன்னைக்குப் பட்டறைக் குப்பையக் கூட்டித் தெருவுல கொட்டுனது நெசமா நீதானா’ன்னு கேட்டுச்சு.”

“தங்கத்தூளெல்லாம் போச்சுன்னுதானே அப்பா என் பள்ளிக்கூடத்த நிறுத்துனாக. நீ என்ன சொன்னே?”

“நெசத்தச் சொல்லிட்டேன். ‘நானில்லாத்தா, சின்னவதான்’னு.”

“அடிப்பாவி. உன் பழிய ஏத்துக்கிட்டு முப்பது வருசமா வாயத் தெறக்காம இருந்தேன். கடைசியில என்னையக் கோள்சொல்லி ஆக்கிட்டியே.”

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, அதுக்கு ஆத்தா என்ன சொல்லுச்சு?”

“‘எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சின்னவகிட்டச் சொல்லிராத, அழுவா’ன்னுச்சு.”

அக்கா மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

முந்தின நாள்தான் என் பேனா தொலைந்ததற்கு, ‘நான்தான் எடுத்தேன்’ என்று முன்வந்த மூத்த மகளை அடித்திருந்தேன். சின்னவளை நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

காரைக்குடியில் இறங்கியவன், வந்த வேலையைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்ப அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.