பதினாறு படிகள்

மரத்தைத் தேய்ப்பதில் இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே ஐயா, அதைத் தேய்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் தூசு இருக்கிறது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இது மனைவியின் வீடு, அதாவது மனைவியுடைய அண்ணனின் வீடு. ஒன்பது வருஷமாக இங்கே என் சொல் எடுபட்ட ஒரே இடம் இந்த மாடிப்படிதான். மச்சான் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தபோது ஆரம்பித்தேன். மேலே பச்சை, அதற்கடியில் பழுப்பு, அதற்கும் அடியில் ஏதோ ஒரு அழுகின சாம்பல் நிறம். ஏழு பூச்சு. சுரண்டிச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, முதல் படியில் தேக்கு எட்டிப் பார்த்தது. அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சாப்பிடும்போதும் சிரிப்பு வந்தது. “என்னங்க, லாட்டரி ஏதும் விழுந்துச்சா?” என்று மனைவி கேட்டாள். அதைவிடப் பெரியது என்றேன்.

மச்சான் வந்தார். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

“மாப்பிள்ளை, எதுக்கு வீணா கைய ஒடிச்சிக்கிறீங்க? திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு. இத இடிச்சிட்டு சிமென்ட்ல கட்டப்போறோம்.”

“இந்த ரெண்டு நாளாவது பளபளன்னு இருக்கட்டுமே மச்சான்.”

“உங்க இஷ்டம்.”

நல்ல மனிதர். குறை சொல்ல முடியாது. எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ குறுகுறுவென்று ஓடியது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி.

புழங்குகிற படிக்கு வார்னிஷ் அடிக்க ஒரு முறை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அடித்தால் மாடியில் இருப்பவர் மாடியிலேயே குடியிருக்க வேண்டியதுதான். அதனால் ஒன்று விட்டு ஒன்று. வெள்ளிக்கிழமை ஒற்றைப்படைப் படிகளுக்கு அடித்தேன். சனிக்கிழமை காலையில் அவை காய்ந்துவிட்டன, இரட்டைப்படைக்கு வந்தேன். மாடியில் இருந்த மச்சானிடம் கீழேயிருந்து குரல் கொடுத்தேன்.

“மச்சான், ஒத்தப்படையெல்லாம் காஞ்சிடுச்சு. அதுல மட்டும் கால வச்சு எறங்குங்க.”

இதில் பொய் ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

மொத்தம் பதினாறு படி. நான் எண்ணினது கீழிருந்து, அடியில் இருக்கிற படி ஒன்று. மேலிருந்து எண்ணினால் அதே படி பதினாறு. பதினேழு படி இருந்திருந்தால் எந்தப் பக்கம் எண்ணினாலும் ஒற்றை ஒற்றைதான், மச்சான் இப்போது உங்களுக்குக் காபி சொல்லிக்கொண்டிருப்பார். கட்டியவர் ஒரு படி குறைத்துவிட்டார்.

இதைத்தான் உங்கள் அதிகாரி கணக்குப் பிசகு என்று எழுதிக்கொண்டார். பாவம், பெருந்தன்மையானவர். ஆனால் எனக்கு மனசாட்சி இருக்கிறது. மச்சானுக்கு முழங்கால் வலி, இறங்கும்போது ஒவ்வொரு படியாகச் சத்தம் போட்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. எங்கள் அறை படிக்கு அடியில்தான். ஒன்பது வருஷமாக, தினமும் காலையில், என் தலைக்கு மேல் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தார். அவர் எங்கே தொடங்குவார் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈர வார்னிஷ் ஒட்டும், வழுக்காது. அதனால் இரட்டைப்படையில் நான் பூசியது வார்னிஷ் அல்ல, ஆளிவிதை எண்ணெய். கொஞ்சம் தாராளமாகவே பூசினேன்.

“ஒண்ணு” என்றார். ரெண்டு சொல்லவில்லை.

கீழே வந்து சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். மறைக்க மாட்டேன், கூப்பிட்டார். ஆனால் மூணாம் படியில் அவருடைய மோதிரம் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. மூன்று வார வேலை ஐயா. மெல்லிய உப்புத்தாளை எடுத்து அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அவர் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் “இதோ வந்துட்டேன் மச்சான்” என்று பதில் சொன்னேன். பெரியவர், மரியாதை குறையக் கூடாது. அப்புறம் அவர் கூப்பிடவில்லை. கோடும் மறைந்துவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் முடிந்ததில் எனக்கு ஒரு துள்ளல், மூணாம் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டரிடமிருந்து மனைவி வந்தாள். “அண்ணன் ஏங்க இங்க படுத்திருக்காரு?” என்றாள். அவள் பதறி, போன் எடுக்க மாடிக்கு ஓடிவிடப் போகிறாளே என்று, எந்தப் படி மிதிக்கலாமென்று கீழிருந்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கட்டினவள் அல்லவா. யார் காலும் தவறக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனம்.

உங்கள் கான்ஸ்டபிளுக்கும் அப்படித்தான் சொன்னேன், ஒற்றைப்படையில் மிதிக்கும்படி. பூட்ஸைக் கழற்றச் சொன்னதை மட்டும் அவர் கேட்கவில்லை. ஆணி வைத்த பூட்ஸ். அஞ்சாம் படியில் கீறல் விழுந்ததை இங்கிருந்தே பார்க்கிறேன். ஆனாலும் ஒழுங்காக ஏறிப் போய்ச் சேர்ந்தாரே.

கேட்டீர்களா, மேலே கதவைச் சாத்துகிறார். எந்தப் படி என்று மறுபடியும் கேட்கிறார். நீங்கள் ஏன் ஐயா எழுந்திருக்கிறீர்கள், என்னைத்தானே கேட்டார். வாழ்க்கையில் நான் பொய்யே சொன்னதில்லை.

“ஒத்தப்படை, தம்பி.”