சத்தம் கேட்கும் வரை

— சிரிக்காதிங்க செல்வதாஸ் அண்ணே. லேபுல வச்சிருந்த காங்கிரீட் கட்டியெல்லாம் எங்க?

— இங்க சர்ச்சுலதான் கெடக்கு ஜாஸ்மி. இன்னைக்கு அசனம்லா, ஊருக்கே சாப்பாடுல்லா? அண்டா பெருசு, செங்கல்லு தாங்காது. இது பாலத்தையே தாங்குத காங்கிரீட்டுன்னு நீதானே பிள்ளே சொன்னே. அடுப்புக்கல்லா வச்சாச்சு.

— தீ போட்டாச்சா?

— சாம்பார் கொதிக்கு. இரணியலுக்கு பஸ் ஏறுனா அரை மணிக்கூரு, சாப்பிட வா.

— லேபு அட்டெண்டர், நீங்களே இப்படிச் செய்யலாமா அண்ணே? அது வெடிக்கும்.

— கல்லு எங்கயாவது வெடிக்குமா?

— சாதா காங்கிரீட்டுல பொடிப்பொடியா ஓட்டை உண்டு. சூடானா ஈரம் ஆவியாயி வெளிய போயிரும். இது அடர்த்தி, ஆவிக்கு வழியில்ல. அதும் நேத்துதான் தண்ணித் தொட்டியிலருந்து எடுத்தது.

— எப்ப வெடிக்கும்?

— அது தெரிஞ்சா நான் என்னத்துக்கு ஆராய்ச்சின்னு கெடந்து சாவுதேன்? எத்தனை சூட்டுல, எவ்வளவு ஈரத்துலன்னு யாரும் உறுதியா சொல்லமாட்டாங்க. போன வாரம் உலையில வச்சேன். உள்ள யாரோ நகத்தால தட்டுத மாதிரி டிக்கு டிக்குன்னு சத்தம். சத்தம் கேட்ட வரைக்கும் ஒண்ணுமில்ல. நின்னுது. உடனே வெடிச்சுது. மறுநாளும் அப்படித்தான்.

— பிள்ளே.

— என்ன அண்ணே?

— இங்கயும் தட்டுது. விறகு பொரியுதுன்னுல்லா நெனச்சேன்.

— ஆளுகளை விலகச் சொல்லுங்க. போனை வைக்காதிங்க.

— ஏலே சிலுவை, கரண்டியைப் போட்டுட்டு ஓடு. சின்னப் பிள்ளையளைக் கூட்டிட்டு எல்லாரும் ரோட்டுக்குப் போங்க. அண்டா கெடந்துட்டுப் போட்டும், போங்க.

— அண்ணே? அண்ணே, இருக்கியளா?

— இருக்கேன். எல்லாரும் ரோட்டுக்குப் போயாச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆண்டவரு காப்பாத்துனாரு.

— பின்ன எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குதே. அடுப்புகிட்டயா நிக்கிய?

— இல்ல பிள்ளே, வீட்டுக்கு வந்துட்டேன். சர்ச்சுக்கு எதுத்தால்தானே. கொஞ்சம் தண்ணி குடிக்கலாம்னு.

— வீட்டுல அடுப்பு எரியுதா?

— புறவாசல்ல என் வீட்டுக்காரி லீமா, எங்க சின்ன மோனைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டிருக்கா.

— எந்தக் கல்லுல, அண்ணே?

— மிச்சம் வந்த கட்டியை நான்தான்... லீமா, பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வா. ஜாஸ்மி, உனக்கு இப்பவும் சத்தம் கேக்குதா?