ராணி கெடுத்த பிள்ளை

ஞாயிறு பூசை விட்ட நேரம். லண்டனில், ஹவுன்ஸ்லோ போகும் பஸ்ஸில், சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட இரண்டு பெண்கள் தேவாலய வாசலில் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"அந்த ராணியாலதான் என்ர பிள்ளை கெட்டுப்போனாள்," என்றார் கையில் செபமாலை வைத்திருந்தவர். பிறகு நான் ஜன்னலைப் பார்ப்பதாவது!

"எந்த ராணி அக்கா?"

"அரண்மனையை விட்டிட்டுக் கன்னியர் மடம் துவங்கின புனிதைதான். இவளுக்கு அவவின்ர பேரை வைச்சது என்ர பிழை. இப்ப அந்த மடத்திலயே சேரப்போறாளாம்."

"நல்லதுதானே. இவ்வளவு காலமும் அவவுக்கு மெழுகுதிரி கொளுத்தினது நீங்களெல்லோ?"

"அது பிள்ளைக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்கவேணும் எண்டு கொளுத்தினது! ராணியும் கலியாணம் கட்டி, புருஷன் செத்தாப் பிறகுதான் மடத்துக்குப் போனவ. இவளும் அந்த ஒழுங்கில போகட்டுமன்."

"அப்ப வாற மாப்பிள்ளை கெதியாச் சாகவேணும் எண்டும் சேர்த்து மன்றாடுங்கோ."

செபமாலைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு மணியை உருட்டியபடி யோசித்தார்.

"சாவு ஆண்டவற்ற சித்தம். முதல்ல, பெடியன் எங்கட ஆக்களோ எண்டு பாக்கவேணும்."