பூராவும் மாடு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டை போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள். மடியில் தெர்மாகோல் பெட்டி வைத்திருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“பால்ல கிருமியோட டிஎன்ஏவத் தேடுனேன். பூராவும் மாடுதான் வந்திருக்கு.”

“மடி வீங்குன மாடுல்லா, அதோட செல்லுதான் நெறைய இருக்கும். அத ஒடச்சு மாட்டு டிஎன்ஏவ அழிக்க மருந்து ஊத்துனியா?”

“ஊத்துனேன். கிருமியோடதும் சேந்து போச்சு.”

“பால் எங்கன இருந்துச்சு?”

“கெட்டுரக் கூடாதுன்னு ஃப்ரீசர்ல வச்சேன்.”

“ஏட்டி, ஒறஞ்சா கிருமியும் ஒடஞ்சிரும். பெறவு மருந்து அதையும் தின்னுரும்லா. இன்னைக்கு எடுத்ததயாவது ஒறைய விடாத.”

“இதான் கடைசி. கறந்ததும் கிருமி சாவ மாட்டுக்கு ஊசி போட்டுட்டாவ.”

சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து, புகை விட்டுக்கொண்டிருந்த உலர் ஐஸுக்கு நடுவிலிருந்த குழாயை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள்.

பால் அசையவில்லை.