பூமி இல்லாத சூரியக் குடும்பம்

— பூமி எங்க அண்ணாச்சி?

— எந்த பூமி டீச்சர்?

— நாம குடியிருக்கோமே, அந்த பூமி. சூரியக் குடும்பம் செஞ்சு தாங்கன்னு கேட்டேன். ஒம்பது உருண்டை இருக்கு, பூமியை மட்டும் காணோம்.

— அதைத்தான் மிதிச்சிட்டு நிக்கோம்லா. அதை வேற தனியா செய்யணுமாக்கும்?

— பதினோரு மணிக்கு கண்காட்சியைத் தொறக்க அதிகாரி வாராரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஸ்கூல் வாசல்ல ரிப்பன் கட்டியாச்சு. நான் போயி, 'ஐயா, பூமி ஒங்க காலுக்குக் கீழ இருக்கு'ன்னு சொல்லட்டுமா?

— சொல்லுங்க டீச்சர். நெசந்தான.

— அதென்ன, சூரியனுக்கு மீசை?

— ரெண்டு பொண்டாட்டிக்காரரு. மீசை இல்லாம நல்லாவா இருக்கும்?

— கண்ணு, மூக்கு, பொட்டு வேற. அதுலயும் ஆளுக்கொரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்காங்க.

— ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாதுல்லா? கோயில்ல அப்படித்தான் நிப்பாங்க. நம்ம கணக்குல ஒரு தப்பும் வராது டீச்சர். நம்ம பேண்டேஜ் யூனிட்டுல ஓடுற மாவுக்கட்டுத் துணியை நனைச்சு, பலூன் மேல சுத்திச் சுத்தி எடுத்தேன். கால் ஒடிஞ்சவனுக்குக்கூட இம்புட்டுப் பதமா எவனும் கட்டிருக்க மாட்டான்.

— தப்பு. முழுத் தப்பு. இது கோயில்ல சுத்தி வாற நவகிரகம். நான் கேட்டது வானத்துல சுத்துறது.

— கோயில்ல இருக்கிறவக பொறவு எங்கருந்து வந்தாக? சங்கரன்கோவில் பஸ்லயா?

— பாண்டிதுரை அண்ணாச்சி, எனக்கு அழுகை வருது.

— அழாதீய. ஏட்டி காளி! காளீஸ்வரி! இங்க வா செத்த. நீ இந்த டீச்சர்ட்டதான படிச்ச? வந்து என்னன்னு கேளு.

— வணக்கம் டீச்சர். ஐயோ அப்பா, என்னப்பா செஞ்சு வச்சிருக்கீங்க?

— நீயும் ஆரம்பிக்காத. ஒங்கிட்ட கேக்கலாம்னா நீ பரிட்சை எழுத மதுரைக்குப் போயிட்ட. இன்னைக்குக் காலையில வந்து நிக்க.

— சனிக்கு வளையம் இல்ல. மேல காக்கா உக்காந்திருக்கு.

— அது அவரு வண்டி.

— டீச்சர், அழாதீங்க. எண்ணிப் பாருங்க. சூரியன் ஒண்ணு, கோள் எட்டு. ஒம்பது. இங்கயும் ஒம்பதுதான் இருக்கு. மூணு பேரை மட்டும் மாத்துனா போதும். பெயின்ட் டப்பா எல்லாம் இருக்கு.

— யாரையெல்லாம் காளி?

— சந்திரனை பூமி ஆக்கிருவோம். நீலம் அடிச்சு, பச்சையில நாலு திட்டு போட்டா முடிஞ்சது. நெலாவுக்கு ஒரு பஞ்சு உருண்டை போதும். ராகு யுரேனஸ். கேது நெப்டியூன்.

— எம்மா! ராகு கேதுவை அழிக்கவா? வீட்டுக்கு ஆகுமாட்டி?

— அண்ணாச்சி, ராகுவும் கேதுவும் உருண்டையே கெடையாது. சூரியன் போற வழின்னு வானத்துல ஒண்ணு தெரியுதுல்ல, அதை நெலா போற வழி குறுக்க வெட்டுற ரெண்டு எடம், அம்புட்டுத்தான். அந்த எடத்துக்குப் பக்கத்துல வச்சுத்தான் கிரகணம் பிடிக்கும். வெறும் எடத்தைப் போயி யாரு அழிக்க முடியும்?

— வெறும் எடத்துக்கா நான் வருசா வருசம் விளக்குப் போடுதேன்?

— எப்பா, பேசாம அந்த பிரஷ்ஷை எடுங்க. சூரியன் மீசையை நான் அழிக்கேன்.

— மீசை மட்டும் இருக்கட்டும்ட்டி.

— சூரியன் ஒரு நெருப்பு உருண்டை அண்ணாச்சி. அதுவும் ஒரு நட்சத்திரந்தான். நெசமான அளவுக்குச் செய்யணும்னா, சூரியன் இந்தா இம்புட்டு, பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகையும் தெரு முக்குல டீக்கடையில கொண்டுபோயி வைக்கணும். நெப்டியூனை பழைய பஸ் ஸ்டாண்டுல வைக்கணும்.

— நல்லவேளை, அப்படிக் கேக்காமப் போனீங்க. கடுகுக்கு எப்படி மாவுக்கட்டுப் போடுறது?

— டீச்சர், வியாழன் பெருசுல்லா? இதுல எல்லாம் ஒரே சைசு.

— ஆமா காளி. அவருதான் எல்லாக் கோளுக்கும் பெரியவரு.

— ஒரு பண்டல் பஞ்சைச் சுத்திருதேன். சனிக்கு அட்டையில வளையம் வெட்டி, மேல காயத்துக்குக் கட்டுற காஸ் துணி ஒட்டிருவோம். யுரேனஸ் படுத்துக்கிட்டேதான சுத்தும்?

— படுத்துக்கிட்டா? மில்லுல நைட் ஷிப்ட் பாத்த ஆளா இருக்கும்.

— அண்ணாச்சி, வெளாட்டுக்கு நேரமில்ல. எம் பையன் பிரேம் கார் எடுத்துட்டு வாரான். பெங்களூர்லருந்து லீவுக்கு வந்திருக்கான். காலையில போன்ல, ராஜபாளையத்துல போயி கோள் எல்லாம் ஏத்தணும்லேன்னு சொன்னதும் கெக்கெக்கேன்னு சிரிக்கான். 'இன்னுமா இதைச் சொல்லிக்குடுக்க'ங்கான். ஏன் சிரிக்கான்னே தெரியல.

— எனக்குத் தெரியும் டீச்சர்.

— என்ன காளி?

— ஒண்ணுமில்ல டீச்சர். பூமி காஞ்சிருச்சு. தூக்கி வைங்க.

— அடடா, அழகா வந்திருக்கு. ஏழு கோள் ஆச்சு. எங்க, செவ்வாயை எடு. அதுக்குக் கண்ணை மட்டும் அழிச்சாப் போதும், நெறம் சரியாத்தான் இருக்கு.

— செவ்வாய் அப்பா மடியில இருக்காரு டீச்சர்.

— குடுங்க அண்ணாச்சி.

— குடுக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இவரு எதனால டீச்சர் இம்புட்டு செவப்பு?

— துரு. அங்க மண்ணுல இரும்பு இருக்கு, அது துருப்பிடிச்சுக் கெடக்கு.

— நம்ம வாசல் கேட்டு மாதிரி. சரி, எம்புட்டுத் தூரத்துல இருக்காரு?

— ரொம்பக் கிட்ட வரும்போதே அஞ்சரைக் கோடி கிலோமீட்டர்.

— அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு, இங்க இருக்க மனுசனை என்ன செய்வாரு?

— துருப்பிடிச்ச மண்ணுருண்டை என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது.

— யாரையும்?

— யாரையும்.

— எம் மகளையும்?

— காளி, அந்தப் பெயின்ட் டப்பாவை மூடி வை.

— டப்பா கெடக்கட்டும் டீச்சர். போன மாசம் எம் மக ஜாதகத்தை, 'ஏழுல செவ்வாய், எங்க பிரேமுக்கு ஆகாது'ன்னு திருப்பி விட்டீங்கள்லா? அது எந்தச் செவ்வாய்? இவருதானா, இல்ல இன்னொருத்தர் இருக்காரா?

— அப்பா, விடுங்கப்பா.

— நீ சும்மா இருட்டி. பதில் வராம செவ்வாய் எம் மடியை விட்டு எறங்க மாட்டாரு.

— அண்ணாச்சி, மணி ஒம்பதரை ஆகுது.

— ஆகட்டும். அதிகாரி வந்து எண்ணிப் பாக்கட்டும். ஏழு கோள்தான இருக்குன்னு கேட்டா, தோசம்னு திருப்பி அனுப்பிட்டேன்னு சொல்லுங்க.

— சரி அண்ணாச்சி. ஜோசியரு சொன்னாரு, எங்க வீட்ல அவியளும் தயங்குனாக, நானும் மண்டைய ஆட்டிட்டேன். கிளாஸ்ல ஒரு பேச்சு, வீட்ல ஒரு பேச்சு. தப்பு. முழுத் தப்பு. ஒங்க மகளை எனக்குப் பிடிக்காமலா? இன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்துனதே அவதான். ஞாயித்துக்கிழமை தட்டோட வாரோம். போதுமா?

— ஏட்டி கேட்டியா! நம்ம கணக்குல தப்பே வராது! இந்தாங்க டீச்சர், செவ்வாய். ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்க.

— தட்டோடல்லாம் வர வேண்டாம் டீச்சர்.

— ஏன் காளி? கோவமா?

— கோவமெல்லாம் இல்ல. செவ்வாய் மேல பாவம் ஒரு தப்பும் இல்ல. அவரை ஏழாம் வீட்டுல கொண்டுபோயி வச்சதே நாந்தான்.

— என்னட்டி ஒளறுத?

— ஜாதகம் எழுத என்னையத்தான அனுப்புனீங்க? பொறந்த நேரத்தை ரெண்டு மணி நேரம் முன்னால தள்ளிச் சொன்னேன். பூமி ஒரு நாளைக்கு ஒரு சுத்து. பன்னெண்டு வீட்டுக்குப் பங்கு வச்சா, வீட்டுக்கு ரெண்டு மணி நேரம். ஆறுல கெடந்த செவ்வாய் ஏழுக்கு வந்துட்டாரு. பூமி சுத்துறதை நீங்கதான டீச்சர் நடத்துனீங்க.

— அடிப்பாவி! நல்ல சம்பந்தத்தை ஏன்ட்டி கெடுத்த?

— அதானே. எம் பையனுக்கு என்ன கொறை காளி? எம்.டெக். படிச்சிருக்கான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது.

— நல்லவருதான் டீச்சர். ஹாரன் சத்தம் கேக்குது, வந்துட்டாரு போல. நீங்களே கேட்டுக்கோங்க.

— என்னன்னு கேக்க?

— ஜாதகம் எழுதுறதுக்கு முந்தி, ஆண்டாள் தேரோட்டத்தன்னைக்கு ஒங்க வீட்டு மாடியில, ரெண்டு பேரும் செத்த நேரம் பேசிட்டு வாங்கன்னு விட்டீங்கள்லா? ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் எனக்கு ஒரே பாடந்தான் நடத்துனாரு டீச்சர். பூமி தட்டையாம்.